பணம் அட்டையில் இருக்கிறதா, கணினியில் இருக்கிறதா? பயண அட்டைகள் குறித்து வாசகர் கேள்வி–பதில்

சென்னை மாநகரப் பேருந்துகளில் 2025 ஜனவரி 6 முதல் சிங்காரச் சென்னை அட்டை ஏற்கப்படத் தொடங்கியதிலிருந்து, பயண அட்டைகளைப் பற்றிய கடிதங்கள் இப்பகுதிக்கு வந்த வண்ணம் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை வெவ்வேறு சொற்களில் ஒரே கேள்வியைத்தான் எழுப்புகின்றன: நான் கட்டிய பணம் இப்போது எங்கே இருக்கிறது? சிங்கப்பூரிலிருந்து எழுதிய வாசகர் ஒருவரும் வேறொரு வழியாக அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார். ஆகவே இந்த இதழ் முழுவதையும் பயண அட்டைக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: அட்டையில் பேட்டரியும் இல்லை, ஒயரும் இல்லை. கருவியின் மீது காட்டியவுடன் பணம் கழிந்து கதவு திறக்கிறது. உள்ளே என்னதான் இருக்கிறது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்பத்தூர்

பதில்: தாங்கள் அறிவியல் ஆசிரியராக இருந்திருந்தால், இதன் விடையைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப் போட்டிருப்பீர்கள். மின்மாற்றியில் ஒரு சுருளில் ஓடும் மாறுமின்னோட்டம், அதைத் தொடாமலே அருகிலுள்ள மற்றொரு சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது அல்லவா? அதே தூண்டல்தான் இங்கும் நடக்கிறது. அட்டையின் ஓரத்தைச் சுற்றி மெல்லிய உலோகச் சுருள் ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. அதன் இரு முனைகளும் அரிசியளவுள்ள ஒரு சிப்புடன் இணைக்கப்பட்டிருக்கின்றன. கருவியிலுள்ள சுருளோ விநாடிக்கு ஒரு கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் முறை, அதாவது 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், முன்னும் பின்னுமாக அலையும் காந்தப்புலத்தை எந்நேரமும் உமிழ்ந்துகொண்டிருக்கிறது. அட்டை அந்தப் புலத்துக்குள் வந்ததும் அதன் சுருளில் பிறக்கும் சிறு மின்சாரமே சிப்பை உயிர்ப்பிக்கப் போதுமானது. அட்டையை விலக்கியதும் சிப் மீண்டும் உறங்கிவிடுகிறது. இந்தப் புலம் வலுவாக இருப்பது சில சென்டிமீட்டர் தொலைவுக்குத்தான். பத்து சென்டிமீட்டருக்கு அப்பால் அட்டைக்கு எதுவும் கேட்பதில்லை.

விழித்துக்கொண்ட சிப், உடனே பணத்தைக் கொடுத்துவிடுவதில்லை. முதலில் அட்டையும் கருவியும் ஒன்றையொன்று சோதித்துக்கொள்கின்றன. இரண்டிலும் இரகசியச் சாவி எண்கள் இருக்கின்றன. ஆனால் அந்த எண் காற்றில் ஒருபோதும் பயணிப்பதில்லை. ஒரு தரப்பு ஏதோ ஓர் எண்ணைப் புதிராக அனுப்ப, மறுதரப்பு தன் சாவியைக் கொண்டு அதைக் கணக்கிட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்புகிறது. விடை சரியாக இருந்தால்தான் இருப்பைப் படிப்பதும், எந்த நிலையத்தில் நுழைந்தீர்கள் என்பதைப் பார்ப்பதும், கட்டணத்தைக் கழித்துப் புதிய இருப்பை எழுதுவதும் நடக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போதே அட்டையை வெடுக்கென்று இழுத்துவிட்டால் என்னாகும் என்பதையும் வடிவமைத்தவர்கள் யோசித்திருக்கிறார்கள்: புதிய பதிவு முழுமையாகும் வரை பழைய பதிவு அழிக்கப்படுவதில்லை. எனவே நன்றாகச் செய்யப்பட்ட அட்டையில் பாதிப் பணம் கழிவது என்பது கிடையாது.

இவ்வளவும் எத்தனை நேரத்தில் முடிய வேண்டும் என்பதில்தான் உண்மையான சாமர்த்தியம் இருக்கிறது. தோக்கியோவில் 2001 நவம்பர் 18 அன்று 'சுய்கா' அட்டையை அறிமுகப்படுத்திய கிழக்கு ஜப்பான் ரயில்வே, ஒரு கதவு வழியாக நிமிடத்துக்கு அறுபது பேர் கடந்தாக வேண்டும் என்பதால், முழுப் பரிமாற்றமும் 0.2 விநாடிக்குள் முடிய வேண்டும் என்று வரையறுத்துக்கொண்டது. சிப் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்தது, மனிதர்கள்தான் கொடுக்கவில்லை. முதற்கட்டச் சோதனைகளில் சிலர் அட்டையைக் கருவிக்கு மேலே வீசிவிட்டுப் போனார்கள். சிலர் செங்குத்தாகப் பிடித்தார்கள். வடிவமைப்பாளர் ஷுன்ஜி யமனாக்கா பல மாதிரிகளைச் செய்து மக்களை நடக்கவிட்டுப் பார்த்து, கருவியின் முகத்தைப் பயணியை நோக்கி 13.5 பாகை சாய்த்து ஒளியூட்டினால் கை தானாகவே சரியான இடத்தில் ஒரு கணம் நின்று தொடுகிறது என்று கண்டார். உலகின் மிக நெரிசலான ரயில் நிலையங்கள் சில இந்தச் சிறு சாய்வின் பலனைத்தான் இன்றும் அனுபவிக்கின்றன. நம் ஊர்க் கதவுகளில் அட்டையை இரண்டு மூன்று முறை தேய்ப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். தேய்க்க வேண்டியதில்லை, வைத்து, ஒலி கேட்கும் வரை பொறுத்து, எடுத்தால் போதும்.

கேள்வி: கைப்பேசி வழியாக 500 ரூபாய் ரீசார்ஜ் செய்தேன். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, குறுஞ்செய்தியும் வந்துவிட்டது. மறுநாள் காலை நிலையத்துக் கதவில் அட்டையை வைத்தால் இருப்பு போதவில்லை என்கிறது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, கவுன்ட்டருக்கு ஓடி டிக்கெட் எடுத்தேன். என் 500 ரூபாய் என்ன ஆயிற்று?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: தங்கள் பணம் தொலையவில்லை, அம்மா. அது வீட்டு வாசல் வரை வந்து, கதவைத் திறக்க ஆளில்லாமல் நிற்கிறது.

பயண அட்டைகள் இரண்டு வகை. ஒரு வகையில் பணம் அட்டைக்குள்ளேயே இருக்கும். சிப்பில் எழுதப்பட்டிருக்கும் எண்ணே தங்கள் இருப்பு. கதவிலுள்ள கருவி யாரையும் கேட்காமல் அந்த எண்ணைக் குறைத்து எழுதிவிடும். மற்றொரு வகையில் அட்டை வெறும் அடையாளச் சீட்டு. பணமும் கணக்கும் எங்கோ உள்ள கணினியில் இருக்கும். தாங்கள் வைத்திருப்பது, விவரத்தைப் பார்த்தால், முதல் வகையைச் சேர்ந்த தேசியப் பொது இயக்க அட்டை என்று தெரிகிறது. 2019 மார்ச் 4 அன்று ஆமதாபாத்தில் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கிவைத்த இத்திட்டத்தின்படி, ரூபே அட்டை ஒன்றின் சிப்புக்குள்ளேயே 2,000 ரூபாய் வரை கொள்ளும் ஒரு சுருக்குப்பை ஒதுக்கப்படுகிறது. எந்த வங்கி கொடுத்த அட்டையானாலும், இந்தத் தரத்தை ஏற்ற எந்த ஊர் மெட்ரோவிலும் பேருந்திலும் செல்ல வேண்டும் என்பது அதன் நோக்கம். பாரத ஸ்டேட் வங்கியுடன் சேர்ந்து சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் 2023 ஏப்ரல் 14 அன்று வெளியிட்ட சிங்காரச் சென்னை அட்டையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

சுருக்குப்பையை எதற்காக அட்டைக்குள் வைத்தார்கள்? ஓடும் பேருந்தில் நடத்துநரின் கருவிக்கு எல்லா இடத்திலும் சிக்னல் கிடைப்பதில்லை. தரைக்கடியில் உள்ள நிலையங்களிலும் அப்படியே. சிக்னல் கிடைத்தாலும், ஒவ்வொரு பயணிக்கும் வங்கியைக் கேட்டுப் பதில் வரும் வரை நிறுத்தினால் காலை எட்டரை மணிக்குக் கதவின் முன் கூட்டம் தெருவுக்கு வந்துவிடும். அட்டைக்குள்ளேயே பணம் இருந்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

சிக்கலும் அதே இடத்தில்தான் பிறக்கிறது. தாங்கள் கைப்பேசியில் கட்டிய 500 ரூபாய், வங்கியின் கணினியில் தங்கள் அட்டையின் பெயரில் வரவு வைக்கப்பட்டுவிட்டது. ஆனால் அதை அட்டைக்குத் தெரிவிக்க வழியில்லை. அட்டையில் சிம் கிடையாது. யாராவது அந்த அட்டையைக் காந்தப்புலத்துக்குள் வைத்து, காத்திருக்கும் தொகையைச் சிப்பில் எழுதினால்தான் அது செலவழிக்கக்கூடிய பணமாகும். நிலையத்தில் இதற்கென உள்ள கருவியிலோ கவுன்ட்டரிலோ அட்டையைக் கொடுத்து, ஆன்லைனில் கட்டிய தொகையை ஏற்றித் தரும்படி கேளுங்கள். கவுன்ட்டரில் ரொக்கம் கொடுத்து ரீசார்ஜ் செய்பவர்களுக்கு இந்தத் தொல்லை வராததற்குக் காரணம், அங்கே பணம் வாங்குவதும் அட்டையில் எழுதுவதும் ஒரே கையால் ஒரே நேரத்தில் நடக்கின்றன என்பதே.

தங்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. 'ரீசார்ஜ் வெற்றி' என்று மட்டும் செய்தி அனுப்புவது பாதி உண்மையைச் சொல்வதாகும். 'தொகை பெறப்பட்டது; அட்டையில் இன்னும் ஏற்றப்படவில்லை; ஏற்றுவதற்கு இன்ன இடத்துக்குச் செல்லவும்' என்று மூன்று தொடர்களைச் சேர்த்து அனுப்புவதற்கு எந்தப் புதிய தொழில்நுட்பமும் தேவையில்லை.

கேள்வி: அப்படியானால் அட்டை தொலைந்தால்?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: சிப்புக்குள் இருந்த தொகை, சட்டைப் பையிலிருந்து விழுந்த ரொக்கத்துக்குச் சமம். அதைச் செலவழிக்க இரகசிய எண் கேட்கப்படுவதில்லை. எனவே எடுத்தவர் பயணம் செய்துவிடலாம். அட்டையோடு இணைந்த வங்கிக் கணக்கு இருந்தால் அதை முடக்கச் சொல்லி உடனே அழைத்துச் சொல்ல வேண்டும். இக்காரணத்தால்தான் சுருக்குப்பைக்கு 2,000 ரூபாய் என்ற வரம்பு இருக்கிறது. என் பழக்கம், ஒரு வாரப் பயணத்துக்குத் தேவையானதற்கு மேல் ஏற்றாமல் இருப்பது.

கேள்வி: சிங்கப்பூரில் 2024 தொடக்கத்தில் பழைய ஈஸி-லிங்க் அட்டைகளை நிறுத்தப்போவதாகச் சொல்லி, இரண்டே வாரத்தில் அரசு பின்வாங்கியது தங்களுக்கு நினைவிருக்கும். என் மகன், 'புதிய முறைதானே நவீனமானது, ஏன் அப்பா எல்லாரும் எதிர்த்தீர்கள்?' என்று இன்னும் கேட்கிறான். எனக்கே சரியாக விளக்கத் தெரியவில்லை.
– வாசகர், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: தங்கள் கடிதம்தான் இந்த இதழின் மையம். குரோம்பேட்டை வாசகியின் சிக்கலைக் கண்ணாடியில் திருப்பிப் பார்த்தால் தங்கள் ஊர்ச் சிக்கல் தெரியும்.

2002 ஏப்ரலில் ஈஸி-லிங்க் வந்தபோது அது முதல் வகை அட்டை. காந்தப் பட்டை ஒட்டிய டிரான்சிட்லிங்க் அட்டைகளுக்கு மாற்றாக வந்தது, பணம் சிப்புக்குள் இருந்தது. பேருந்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் அட்டையை வைத்தால், எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மீதம் இருக்கிறது என்பது கருவியின் திரையில் உடனே தெரிந்தது. பிறகு 2019இல் வந்த சிம்ப்ளிகோ இரண்டாம் வகை. வங்கி அட்டையையே வைத்துப் பயணம் செய்யலாம். கணக்கு முழுவதும் மைய கணினியில். இதில் நன்மைகள் உண்மையாகவே இருக்கின்றன. தொலைபேசியில் பணம் ஏற்றினால் உடனே பயன்படுத்தலாம். ஏனெனில் சிப்பில் எழுதப்பட வேண்டியது எதுவும் இல்லை. அட்டை தொலைந்தால் முடக்கிவிட்டு மீதிப் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். குரோம்பேட்டை வாசகிக்கும் திருவொற்றியூர் வாசகருக்கும் இருந்த இரண்டு குறைகளும் ஒரே அடியில் தீர்ந்துவிடுகின்றன.

ஆனால் கணக்கு தொலைவில் இருக்கும்போது, கதவிலுள்ள கருவிக்கு மீதம் எவ்வளவு என்பதே தெரியாது. அட்டை செல்லத்தக்கதா, தடைப்பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கதவைத் திறக்கிறது. கட்டணம் பின்னர் மையத்தில் கணக்கிடப்படுகிறது. எனவே திரையில் தொகையும் மீதமும் வருவதில்லை. பார்க்க வேண்டுமென்றால் கைப்பேசிச் செயலியைத் திறக்க வேண்டும். 2024 ஜனவரி 9 அன்று, ஜூன் 1 முதல் பெரியவர்களுக்கான பழைய முறை அட்டைகள் பயணத்துக்குச் செல்லாது என்று நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தபோது, மக்கள் பிடித்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான். ஜனவரி 22 அன்று முடிவு கைவிடப்பட்டது. பழைய முறையைத் தொடர்ந்து இயக்க மேலும் 4 கோடி வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஒதுக்கப்பட்டது.

தங்கள் மகனிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். மளிகைக் கடைக்குப் போய்ப் பொருள் வாங்குகிறோம். கடைக்காரர் நம் பையிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டு, 'எவ்வளவு எடுத்தேன் என்று வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்கிறார். அவர் நேர்மையானவர்தான், கணக்கும் சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் அந்தக் கடையில் நமக்கு நிம்மதி இருக்காது. மாதச் சம்பளக்காரருக்கு இது சிறு எரிச்சல். இரண்டு வெள்ளி மீதம் இருக்கிறதா, ஒன்றரை வெள்ளியா என்று பார்த்து நடக்கும் முதியவருக்கு அது அன்றைய நாளின் திட்டம். பழைய முறையை வைத்திருக்க இத்தனை செலவு தேவையா என்று கேட்பவர்களும் நியாயமாகத்தான் கேட்கிறார்கள். இரண்டு முறைகளை ஒரே நேரத்தில் பேணுவது எந்த ஊருக்கும் சுமைதான். எனினும் எதை நிறுத்துகிறோம் என்பதைப் பயணியின் கண்ணால் பார்க்காமல் பொறியாளரின் கண்ணால் மட்டும் பார்த்ததால் வந்த வினை அது என்பது என் எண்ணம்.

கேள்வி: நான் 20 ஆண்டுகளுக்கு மேலாக நடத்துநராக இருக்கிறேன். நெரிசல் நேரத்தில் ஒருவர் கார்டை நீட்டுகிறார், ஒருவர் கைப்பேசியில் ஸ்கேன் செய்கிறேன் என்கிறார், ஒருவர் பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டுகிறார். கட்டிலிருந்து டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்த காலத்தில் வேலை சீக்கிரம் முடிந்தது. இந்தக் கருவிகளால் யாருக்கு என்ன லாபம்? கடைசியில் எங்கள் வேலைக்கே உலை வைப்பார்களா?
– பெயர் வெளியிட விரும்பாத நடத்துநர், சென்னை

பதில்: ஒரு கையில் கம்பியையும் ஒரு கையில் கருவியையும் பிடித்துக்கொண்டு நிற்பவர் கேட்கும் கேள்வி இது. மேசையிலிருந்து பதில் எழுதுபவன் கொஞ்சம் அடக்கத்துடன்தான் எழுத வேண்டும்.

தாங்கள் குறிப்பிடும் மூன்று வழிகளும் கருவிக்குள் ஒரே மாதிரி நடப்பவை அல்ல. கைப்பேசியில் ஸ்கேன் செய்யும்போது, பயணியின் வங்கியிலிருந்து போக்குவரத்துக் கழகத்தின் வங்கிக்குப் பணம் சென்று, சென்றது என்ற தகவல் தங்கள் கருவிக்குத் திரும்பி வர வேண்டும். பயணியின் கைப்பேசிக்கும் தங்கள் கருவிக்கும் ஒரே நேரத்தில் சிக்னல் இருந்தாக வேண்டும். ரொக்கத்தில் சில்லறைப் பிரச்சினை. அதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுருக்குப்பை அட்டைக்குத்தான் சிக்னலும் வேண்டாம், சில்லறையும் வேண்டாம். எனவே நெரிசல் பேருந்தில் நடத்துநருக்கு மிகவும் உதவக்கூடியது அட்டைதான். அது பரவலாகாத வரை மூன்றையும் சமாளிக்க வேண்டிய சுமை தங்கள் தலையில் இருக்கும்.

சில்லறை என்றதும் ஹாங்காங் நினைவுக்கு வருகிறது. பிரிட்டிஷ் ஆட்சி முடிவதற்கு முன் அங்கே அரசியின் தலை பொறித்த நாணயங்கள் மாற்றப்பட்டபோது, மக்கள் பழைய நாணயங்களைச் சேர்த்து வைக்கத் தொடங்க, சில்லறைக்குத் தட்டுப்பாடு வந்தது. 1997 செப்டம்பர் 1 அன்று வெளிவந்த ஆக்டோபஸ் அட்டையை மக்கள் பாய்ந்து வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள். முதல் மூன்று மாதங்களில் 30 லட்சம் அட்டைகள் போயின. அதன் சீனப் பெயருக்கு எட்டுத் திசையும் சென்று சேர்வது என்ற கருத்து உண்டு. தமிழில் பெயர் வைத்திருந்தால் 'எண்டிசை' என்று வைத்திருப்போம்.

வேலை குறித்த அச்சத்துக்கு வருகிறேன். லண்டன் பேருந்துகளில் 2014 ஜூலை 6 முதல் ரொக்கமே வாங்குவதில்லை. அப்போது நூற்றுக்கு ஒரு பயணம்கூட ரொக்கத்தில் நடக்கவில்லை. அங்கே அது எளிதாக நடந்ததற்குக் காரணம், பேருந்தில் எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம். ஏறும்போது ஒரு முறை அட்டையை வைத்தால் முடிந்தது. சிங்கப்பூரில் தூரத்துக்கேற்ற கட்டணம். ஆகவே இறங்கும்போதும் வைக்க வேண்டும், மறந்தால் தடத்தின் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணம் கழியும். நம் பேருந்துகளிலோ நிலைக்கு நிலை கட்டணம் மாறுகிறது. நடத்துநர் இல்லாமல் இதை நடத்த வேண்டுமென்றால், ஒன்று கட்டணத்தைச் சமமாக்க வேண்டும், அல்லது படியில் தொங்கிக்கொண்டு இறங்கும் கூட்டத்தை ஒவ்வொருவராக அட்டை வைத்து இறங்கச் செய்ய வேண்டும். இரண்டாவது நடக்கும் என்று தி.நகர் பேருந்து நிலையத்தில் ஒரு மாலை நின்று பார்த்த எவரும் சொல்ல மாட்டார். 'எங்கே போகணும்?' என்று கேட்டு, நிலையைத் தேர்ந்து, முன்வாசலைப் பார்த்துக்கொண்டே விசில் ஊதும் ஆளுக்கு மாற்றாக, அட்டையைப் படிக்கும் ஒரு மஞ்சள் பெட்டி வந்துவிடாது.

கேள்வி: மகளிருக்குப் பேருந்தில் கட்டணமில்லையே, நாங்களும் அட்டை வாங்க வேண்டுமா?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் உள்ள கட்டணமில்லாப் பயணத்துக்கு இந்த அட்டை தேவையில்லை, நடத்துநர் தரும் கட்டணமில்லாச் சீட்டே போதும். சொகுசுப் பேருந்து, குளிர்சாதனப் பேருந்து, மெட்ரோ ஆகியவற்றில் செல்பவர்களுக்கே அட்டை பயன்படும்.

கேள்வி: இத்தகைய அட்டையைப் போலியாகச் செய்ய முடியுமா? ஐரோப்பாவில் மாணவர்கள் உடைத்துக் காட்டினார்கள் என்று படித்த நினைவு.
– பொறியாளர், கோயம்புத்தூர்

பதில்: தங்கள் நினைவு சரியே. லண்டனில் 2003இல் வந்த ஆய்ஸ்டர் அட்டை உட்பட உலகின் பல நகர அட்டைகளில் 'மைஃபேர் கிளாசிக்' என்ற சிப் இருந்தது. அதன் பூட்டுமுறை வெளியாருக்குக் காட்டப்படாமல் இரகசியமாக வைக்கப்பட்டிருந்தது. இரகசியமே பாதுகாப்பு என்று நம்பினார்கள். 2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த கணினி ஆர்வலர் மாநாட்டில், கார்ஸ்டன் நோல், ஹென்ரிக் பிளோட்ஸ் இருவரும் சிப்பை அடுக்கடுக்காகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்துப் பூட்டுமுறையைப் பெருமளவு கண்டறிந்துவிட்டதாக அறிவித்தனர். அதில் சாவியின் நீளம் 48 பிட் மட்டுமே. இன்றைய கணினிகளுக்கு அது எட்டக்கூடிய நீளம். 2008இல் நெதர்லாந்தின் நைமேகன் நகரிலுள்ள ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அட்டையை நகலெடுத்தே காட்டினார்கள். ஆய்வுக் கட்டுரையை வெளியிடக் கூடாது என்று சிப் தயாரித்த என்எக்ஸ்பி நிறுவனம் வழக்குத் தொடுத்தது. நீதிமன்றம் தடை விதிக்க மறுத்துவிட்டது. குறை, அதை வெளிப்படுத்தியவரிடம் இல்லை, செய்தவரிடமே இருக்கிறது என்பதே அத்தீர்ப்பின் உட்பொருள். பிறகு லண்டன் வலுவான சிப்புக்கு மாறியது.

அந்த நாட்களில்கூடப் பெருந்திருட்டு நடந்துவிடாமல் காத்தது ஒரு பழைய உபாயம். கருவிகள் ஒவ்வொரு பரிமாற்றத்தையும் குறித்துவைத்து மையத்துக்கு அனுப்புகின்றன. நூறு ரூபாய் ஏற்றிய அட்டையில் முந்நூறு ரூபாய்ப் பயணம் நடந்தால் கணக்கு இடிக்கிறது, அந்த அட்டையின் எண் தடைப்பட்டியலில் ஏறிவிடுகிறது. நம் நாட்டின் தேசியப் பொது இயக்க அட்டை, வங்கி அட்டைகளின் சிப் தரத்தை அடியொற்றியது. மைஃபேர் கிளாசிக்குக்கு நேர்ந்த கதி அதற்கு நேரவில்லை.

கேள்வி: நெரிசலில் யாராவது கருவியை என் பையருகே கொண்டுவந்து பணத்தைக் கழித்துவிட முடியுமா?
– வாசகி, மதுரவாயல்

பதில்: பயணச் சுருக்குப்பையைத் தொட, போக்குவரத்து நிறுவனத்துக்கென வழங்கப்பட்ட சாவி கருவிக்குள் இருக்க வேண்டும், அது சந்தையில் கிடைப்பதில்லை. தங்களுக்கு நேரக்கூடிய தொல்லை வேறொன்று. ஒரே பர்ஸில் பயண அட்டையும், தொட்டுப் பணம் செலுத்தும் வங்கி அட்டையும் சேர்ந்திருந்தால், கதவிலுள்ள கருவிக்கு இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும். அது குழம்பிக் கதவைத் திறக்க மறுக்கும், வங்கி அட்டைகளையும் ஏற்கும் நகரங்களில் தவறான அட்டையிலிருந்து கட்டணத்தை எடுத்தும்விடும். லண்டனில் இதற்கென்றே அறிவிப்புப் பலகைகள் வைத்தார்கள். பர்ஸோடு வைக்காமல் அட்டையை மட்டும் எடுத்து வைப்பதே நல்லது.

கேள்வி: எங்கே ஏறினேன், எங்கே இறங்கினேன் என்பதெல்லாம் பதிவாகிறதே. இது யார் கையில் போகும்?
– வழக்கறிஞர், திருச்சி

பதில்: சிப்பிலேயே கடைசிச் சில பயணங்களின் குறிப்பு இருக்கும், மையக் கணினியில் எல்லாமே இருக்கும். தடம் வகுப்பவர்களுக்கு அது பொன் போன்ற தகவல்: எந்த நிறுத்தத்தில் எந்நேரம் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதை இதைவிட நுட்பமாக எந்தக் கணக்கெடுப்பும் சொல்லாது. ஆனால் எண்ணிக்கைக்குத் தேவையானது பயணமே அன்றிப் பயணியின் பெயர் அல்ல.

அஞ்ச வேண்டிய இடம் எது என்பதற்கும் ஹாங்காங்கே சான்று. 2010இல், ஆக்டோபஸ் நிறுவனம் தன் பரிசுப்புள்ளித் திட்டத்தில் சேர்ந்திருந்த ஏறத்தாழ 20 லட்சம் வாடிக்கையாளர்களின் சொந்த விவரங்களை வேறு நிறுவனங்களுக்குக் கொடுத்து 4 கோடியே 40 லட்சம் ஹாங்காங் டாலர் ஈட்டியிருந்தது தெரியவந்து, தலைமை நிர்வாகி பதவி விலகினார். கவனியுங்கள்: பெயர் கொடுக்காமல் கடையில் வாங்கிய அட்டையை வைத்திருந்தவர்களுக்கு இதில் இழப்பில்லை, பரிசுப்புள்ளிக்காகப் பெயரும் அடையாள எண்ணும் எழுதிக் கொடுத்தவர்களின் விவரங்களே விலைபோயின. நம் நாட்டிலும் 2024 பிப்ரவரியில், பொதுப் போக்குவரத்துக்கு மட்டும் பயன்படும் முன்பண அட்டைகளை முழு அடையாளச் சரிபார்ப்பு இன்றியே வழங்க ரிசர்வ் வங்கி இடமளித்திருக்கிறது. பேருந்தில் போவதற்கு இவ்வளவு விவரம் எதற்கு என்ற கேள்வியைப் படிவம் நிரப்பும்போது கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

கேள்வி: என்னிடம் சென்னை மெட்ரோவின் பழைய பயண அட்டை இருக்கிறது. வைத்திருக்கலாமா?
– வாசகர், நங்கநல்லூர்

பதில்: 2025 ஆகஸ்ட் 1 முதல் அதில் ரீசார்ஜ் செய்வது நிறுத்தப்பட்டுவிட்டது. மீதமிருப்பதைப் பயணம் செய்து தீர்த்துவிட்டுச் சிங்காரச் சென்னை அட்டைக்கு மாறிக்கொள்ளுங்கள். 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு–ஆலந்தூர் தடம் திறந்த நாட்களில் வாங்கிய அட்டை என்றால், தீர்ந்த பிறகு பேரக்குழந்தைகளுக்குக் காட்ட வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: அட்டையின் மூலையில் ஒரு துளை போட்டுச் சாவிக் கொத்தில் மாட்டிக்கொள்ளலாமா?
– கல்லூரி மாணவர், தரமணி

பதில்: முதல் பதிலில் சொன்ன உலோகச் சுருள் அட்டையின் ஓரத்தை ஒட்டித்தான் ஓடுகிறது. துளை அதன் மீது விழுந்த கணமே சுருள் அறுந்து அட்டைக்கு மின்சாரம் நின்றுவிடும்; சிப்புக்குள் இருக்கும் பணம் அங்கேயே சிறைப்படும். ரயில் நிலைய வாசலில் கழுத்துக் கயிறுடன் பிளாஸ்டிக் உறை விற்கிறார்கள்.